சேறு அள்ளப் போன பால் இளவரசி

எல்ஸ்ருட், மினசோட்டா
திங்கட்கிழமை, காலைக் கறவை முடிந்ததும்

அன்பு மகள் சிக்னிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் அறுபத்து மூன்று மாடுகளும் சௌக்கியம். அறுபத்து நாலாவது மட்டும் மடி வீங்கி மருந்தில் இருக்கிறது, அதுவும் தேறிவிடும். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அந்தக் கோடை வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போனைக் கையில் தருகிறார்களே, அதிலேயே இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே என்பாய். எனக்குப் போனில் பேச்சு வராதென்று உனக்குத் தெரியாதா. மழை பெய்ததா, சாப்பிட்டாயா, இரு அம்மாவிடம் தருகிறேன், இதற்கு மேல் எனக்கு வண்டி ஓடாது. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அதில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். நம் ஊர்ப் பால் விழாவில் கிரீடம் சூட்டி ஊர்வலம் விடுகிற பால் இளவரசிப் பட்டம் வேண்டாமென்று விழாக் கமிட்டிக்கு நீ எழுதித் தந்த கடிதத்தைக் கொடுத்துவிட்டேனா என்பது ஒன்று. கடைசி வாரமும் அங்கேயே தங்கிப் படிப்பை முடிக்கலாமா, இல்லை ஊர்வலத்துக்கு வந்துவிடட்டுமா என்பது இன்னொன்று. ‘கிரீடம் இன்னும் என் பேர்லதான் இருக்குன்னா எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேம்ப்பா, உங்களுக்குத் தலைகுனிவு வேண்டாம்’ என்று வேறு எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்காததற்கு வேறொரு காரணமும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு கடிதத்தைத் தூக்கிப் போடாதே, முழுக்கப் படி. விமான நிலையத்தில் நீ அந்த உறையை என் கையில் கொடுத்தாயா, மேலே ‘கமிட்டித் தலைவருக்கு’ என்று எழுதியிருந்தாயா, தலைவர் நான்தானே. அப்படியென்றால் கடிதம் சேர வேண்டியவரிடம் சேர்ந்துவிட்டது, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டேன். ஏரிச் சேற்றைப் பற்றிப் படிக்க ஒரு பிள்ளை ஆயிரத்து நானூறு மைல் போவாளா, நம் ஊரில் ஏரிக்குப் பஞ்சமா, சேற்றுக்குப் பஞ்சமா, ஒரு வாரத்தில் அலுத்துப்போய் வந்துவிடுவாய், ஊருக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, வேண்டிக்கொண்டேன். உண்மையைத்தானே எழுத வேண்டும்.

நீ போன மறுவாரம் கமிட்டி கூடியது. ஊர்வல வண்டியில் நின்று கையசைத்துப் பழக உன்னை ஏன் அழைத்து வரவில்லை என்று லவோன் ஸ்கோக்லுண்ட் கேட்டாள். சர்ச் சமையலறையில் அவள் வைத்ததுதான் சட்டம், உனக்குத் தெரியும். அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்ததும் எனக்கு நாக்கு குழறிவிட்டது. உனக்குப் பொன்னுக்குவீங்கி என்று சொல்லிவிட்டேன். ஏன் பொன்னுக்குவீங்கி என்று கேட்காதே, எனக்கே தெரியாது. ஒட்டிக்கொள்ளும் நோய், யாரும் பார்க்க வரமாட்டார்கள், முகம் வீங்கியிருந்தால் புகைப்படமும் கேட்கமாட்டார்கள் என்று அந்த ஒரு நொடியில் மூளை அத்தனை வேகமாக வேலை செய்தது. பள்ளிக்கூடத்தில் இப்படி வேலை செய்திருந்தால் நானும் எங்கேயாவது சேறு அள்ளப் போயிருப்பேன்.

ஆள் வரமாட்டார்கள் என்பது சரிதான். நோய் என்றாலும் சாவு என்றாலும் வாசலில் ஹாட்டிஷ் வந்துவிடும் என்பதை மறந்துவிட்டேன் பார். மறுநாள் மாலைக் கறவை முடிந்து வருகிறேன், வாசலில் கண்ணாடித் தட்டில் நூடுல்ஸும் மாட்டுக்கறியும் காளான் சூப்பும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு அடுக்கி, காகிதம் மூடி ஒன்று. அதற்கு மறுநாள் மூன்று. வெள்ளிக்கிழமைக்குள் பதினொன்று. ஒவ்வொன்றின் அடியிலும் பேர் ஒட்டியிருக்கிறது, வீங்கின தொண்டைக்கு இதமாக இருக்க வேண்டுமென்று எல்லாவற்றிலும் சூப்பை ஒரு கை கூடவே ஊற்றியிருக்கிறார்கள். அம்மா அப்போது ஃபார்கோவில் சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் என்று போயிருந்தாள். நல்ல வேளை என்று இருந்தேன். அவள் திரும்பி வந்து ஃப்ரீசரைத் திறந்தாள், மூடினாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ‘ஏன் மனுஷா, யார் செத்தது?’ என்று கேட்டாள். யாரும் சாகவில்லை ஆர்லிஸ், பிள்ளைக்குப் பொன்னுக்குவீங்கி என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. ‘உன் பொய்யை நான் வெளியே சொல்லமாட்டேன். ஆனா ஒரு வாய் திங்கவும் மாட்டேன். நீ சொன்னது, நீயே தின்னு தீர்’ என்றுவிட்டாள். அன்றிலிருந்து அவள் தனக்கு மட்டும் முட்டை பொரித்துக்கொள்கிறாள். நான் மூன்று வேளையும் ஹாட்டிஷ். என் இடுப்பு வார் இரண்டு துளை தள்ளிப்போயிருக்கிறது.

இதற்கிடையில் போதகர் கிறிஸ்டின் உன் பேரை ஜெபப் பட்டியலில் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையே தலைகுனிந்து உன் தொண்டைக்காக மன்றாடியது. அம்மா பக்கத்தில் நின்று என் காலை மிதித்துக்கொண்டே ஆமென் சொன்னாள். அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை.

போன வியாழக்கிழமைதான் குட்டு உடைந்தது. உங்கள் பல்கலைக்கழகம் கோடை வகுப்புப் பிள்ளைகளின் படத்தையெல்லாம் அவரவர் ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புமாமே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ. நம் வாரப் பத்திரிகையில் முதல் பக்கம், பாதிப் பக்கத்துக்கு நீ. முழங்கை வரை சேறு, கையில் நீளக் குழாய், வாயெல்லாம் பல். ‘நம் ஊர்ப் பள்ளி மாணவி கிழக்குக் கரையில் ஏரி ஆய்வு’ என்று கொட்டை எழுத்து. அதே பத்திரிகையில் ஐந்தாம் பக்கம், பொன்னுக்குவீங்கியால் படுக்கையில் இருக்கும் சிக்னி ட்வைட்டுக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. முதலில் பார்த்தது யார் தெரியுமா, பக்கத்துப் பண்ணை டெல்மர் கூப். வண்டியை நேரே மாட்டுக் கொட்டகைக்குள்ளேயே கொண்டு வந்து நிறுத்தினான். பத்திரிகையை விரித்து இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் காட்டினான். ‘ஏம்ப்பா நார்வல், வீக்கம் நல்லா வடிஞ்சிருக்கே. சேறு பூசினா வடியுமா?’ என்றான். நான் மடி துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்த மடியையே மறுபடி துடைத்தேன்.

நம் ஊரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருக்கும், திட்டமாட்டார்கள். தீவனக் கடையில் நுழைந்தேன், பேச்சு நின்றது. எல்லாரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். லவோன் மட்டும் பக்கத்தில் வந்து, ‘பொண்ணு தேறிட்டா போலிருக்கு, சந்தோஷம்’ என்றாள். அவ்வளவுதான். எனக்கு அங்கேயே பூமி பிளக்கக் கூடாதா என்றிருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காப்பி ஊற்றும்போது எழுந்து நின்றேன். கமிட்டிக்கு நீ எழுதித் தந்த கடிதத்தை வாசிப்பதாகச் சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை, பிரித்தால் நிஜமாகிவிடும் என்ற பயம். அத்தனை பேர் நடுவில்தான் பிரித்தேன். ப்ரீட்டா கூப் உன்னைவிட நன்றாகக் கையசைப்பாள், ஊர்வலத்தில் கூட்டிப்போகிற கன்றுக்குட்டியும் அவளிடம் அடங்கி நிற்கும் என்று எழுதியிருந்தாய், எல்லாரும் சிரித்தார்கள், மகள் பேரைக் கேட்டு டெல்மருக்குக் காது சிவந்துபோனது. ஏரியின் அடியில் ஒவ்வொரு வருஷமும் ஒரு படிவாகப் படிந்திருக்கிறதாம், குழாயை இறக்கி எடுத்தால் நம் ஊரில் மனுஷர் வருவதற்கு முன்னால் இருந்ததையெல்லாம் படிக்கலாமாம், அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அதுவரை நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தேன். கடைசியில், ‘இதற்கு மேல் அப்பா உங்களுக்கு எடுத்துச் சொல்வார், என்னை அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்’ என்று முடித்திருந்தாயே, அங்கே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பொன்னுக்குவீங்கி எனக்கே வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சமாளித்துக்கொண்டு, என் மகளுக்கு ஒரு நோயும் இல்லை, அவள் படிக்கப் போயிருக்கிறாள், போனது பிடிக்காமல் நான்தான் பொய் சொன்னேன், அவள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அப்புறம் டெல்மர்தான், கிண்டலாக இல்லை, மெதுவாகத்தான் கேட்டான். ‘படிப்பெல்லாம் முடிச்சுட்டுப் பொண்ணு பண்ணைக்குத் திரும்பி வருமா?’ ஏற்கெனவே இதைப் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள், நான் ஒவ்வொரு தரமும் வராமல் எங்கே போவாள் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று, தெரியாது என்றேன். சொல்லிவிட்டு நின்றேன். அம்மா வந்து என் கையில் காப்பிக் கோப்பையைக் கொடுத்தாள்.

தண்டனை இல்லாமல் விடுவாளா லவோன். தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது நம் வழக்கம், நோயே பொய்யென்பதால் பதினொரு தட்டையும் ஆர்லிஸ் கை படாமல் நார்வலே சமைத்து நிரப்பித் தர வேண்டும் என்று அங்கேயே தீர்ப்பு. கிரீடம் ப்ரீட்டாவுக்கு, அதுவும் அங்கேயே முடிவாகிவிட்டது, உன் பேரில் இனி ஒன்றும் பாக்கி இல்லை. நேற்று சாயங்காலமே முதல் ஹாட்டிஷ் செய்தேன். அடியில் கரி, நடுவில் பச்சை. நாய் மோந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. அம்மா அடுப்புப் பக்கமே வராமல் மேசையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று வாரத்துக்கு அப்புறம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது, அதற்காகவே இன்னும் இரண்டைத் தீய்க்கலாம்.

அங்கே எல்லாப் பிள்ளைகளும் பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள், நான் ஒருத்திதான் ஒன்றும் தெரியாமல் முழிக்கிறேன், குளியலறையில் போய் அழுதேன் என்று எழுதியிருந்தாய். அழுதால் அழு, தப்பில்லை, ஆனால் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போ. தெரியவில்லை என்றால் கையைத் தூக்கிக் கேள், தெரிந்த மாதிரி தலையாட்டி மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன். அந்தக் குழாயைச் சேற்றில் இறக்கும்போது உன் மாதிரி முழங்கால் மடித்து நிற்க ஒருத்தருக்கும் தெரியவில்லை என்று ஆசிரியர் சொன்னாராமே, அது சாணம் வாரி வந்த பழக்கம், அதை எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுத் தராது. ஈரக் காலுறையோடு உட்காராதே. படகில் போனால் மிதவைச் சட்டையைக் கழற்றாதே, நீந்தத் தெரியும் என்று ஜம்பம் பண்ணாதே. உன் அறைத் தோழிக்கு நம் சீஸ் பிடித்திருக்கிறது என்றாய், அம்மா இன்னும் இரண்டு கட்டி அனுப்பியிருக்கிறாள், அவளுக்கும் கொடு, நீயே எல்லாவற்றையும் தின்றுவிடாதே.

இரண்டாவது கேள்விக்குப் பதில். வராதே. இருந்து முடி. உன்னைக் காணாமல் எனக்கு வீடு வீடாக இல்லை, சாயங்காலக் கறவையில் நீ நிற்கிற இடத்தைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டே கறக்கிறேன், இதையெல்லாம் மறைத்துவைத்துத்தான் இத்தனை கூத்து. ஆனாலும் வராதே. கடைசி நாள் வியாழக்கிழமை பிள்ளைகள் ஒவ்வொருத்தரும் மேடையேறிக் கண்டுபிடித்ததைச் சொல்வீர்கள், பெற்றவர்களும் வரலாம் என்று ஒரு காகிதம் வந்ததே, அதற்கு நானும் அம்மாவும் வருகிறோம். நீ நம்பமாட்டாய். என் கல்யாணத்தன்றுகூடக் காலைக் கறவையை முடித்துவிட்டுத்தான் மாப்பிள்ளைக் கோட்டு போட்டேன், நீ பிறந்த அன்றைக்கும் சாயங்காலக் கறவைக்கு வந்துவிட்டேன், அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு வேளை தவறவிட்டதில்லை. நேற்று டெல்மரிடம் நானே போய்க் கேட்டேன், நாலு நாள் என் மாடுகளைக் கறப்பாயா என்று. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்றான். நன்றாகத்தான் இருக்கிறேன், என் மகள் பேசுவதைக் கேட்கப் போகிறேன் என்றேன்.

கர்த்தர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காத்து, நீ நினைத்தது எல்லாம் கைகூட ஆசீர்வதிப்பாராக. மேடை எத்தனை மணிக்கு, எந்தக் கட்டிடம் என்று மறக்காமல் எழுது. நாங்கள் முன் வரிசையில் இருப்போம், மாட்டு வாசனை அடித்தால் கண்டுகொள்ளாதே.

உன் அன்பு அப்பா,
நார்வல் ட்வைட்