இருவது சேருக்கு ஒரு ஆள் இல்ல

காசிமேடு
18 ஜூன் 1955

மவனே தண்டபாணி,

இங்க அல்லாரும் சௌக்கியமா கீறோம், என் வயித்தெரிச்சல் ஒண்ணு தான் அடங்கல. பம்பாய்ல நீ தெம்பா இரு, அப்பதான் இந்தத் திட்டு பூராவும் உனுக்கு ஒறைக்கும்.

போன வருசம் இன்னா எழுதுன? நைனா, திருவொத்தியூர் டப்பா கம்பெனி பங்கை, அதான் சேரை, ஒரு பெரிய இன்சூரன்ஸ்காரன் மூட்டை மூட்டையா வாங்கறான், நீயும் கண்ண மூடிக்கினு வாங்குன்னு எழுதுன. நான் முப்பது வருசமா கரையில மீன் ஏலம் வுடறவன். பெரிய யாவாரி வந்து நின்னா சின்னக் கூடைகூட வித்துப்பூடும்னு கண்டவன். அத்த நம்பி, மங்கை படிப்புக்குன்னு வெச்சிருந்த பணத்துல இருவது சேர் வாங்கிட்டேன். இப்ப உன் தங்கச்சிக்கு வாத்தியாரம்மா டிரெயினிங்ல எடம் கெடச்சிகீது, முப்பதாந்தேதிக்குள்ள பணம் கட்டணும். வித்துக் குடுய்யான்னு சேர் புரோக்கர் ரகுபதியாண்ட போய் நின்னா, வாங்க ஆளே இல்ல பெரியவரேன்றான். பேப்பர்ல பன்னெண்டு ரூபான்னு போட்டுகீதேன்னா, அது பங்குனில எவனோ வித்த வெலையாம், அப்பறம் ஒண்ணுகூட கைமாறலியாம். நூத்துல தொண்ணூறு சேரை இன்சூரன்ஸ்காரன் பொட்டில வெச்சி பூட்டிக்கினான், விக்கவும் மாட்டான், இனிமே வாங்கவும் மாட்டான், மிச்சம் பத்துக்கு எவன் வந்து நிப்பான்னு என்னையே கேக்கறான். நம்ம கரை யாவாரி வாங்குன மீன அன்னிக்கே தள்ளணும், இல்லாங்காட்டி நாறிப்பூடும், அதனால மறுநாளும் வருவான். சேரு நாறாதேடா. மீன்காரன் எனக்கு அது தோணல, கோட்டு போட்டுக்கினு ஆபீஸ் போற உனுக்குமா தோணல?

எவனோ ஒர்த்தன் பாதி வெலைக்கு வேணா எடுத்துக்கறேன்றானாம். அவன் மூஞ்சில கூடைய கவுக்கணும். உங்கம்மா, புள்ளைய திட்டி எழுதாதன்னு அடுப்பாண்டயிருந்து கத்தினுகீறா. மங்கை டிரங்குப் பொட்டிய தொடச்சித் தொடச்சி வெக்கிறா, அத்தப் பாத்தா தான் எனக்குப் பத்திக்கினு வருது.

அதனால ஆள நானே புட்ச்சிட்டேன். இதோட சேர் பத்திரமும் பேரு மாத்தற ஃபாரமும் வெச்சிகீறேன். விக்கறவன் எடத்துல என் கையெழுத்து கீது, வாங்கறவன் எடத்துல உன் பேரு கீது. வெல பன்னெண்டு, பேப்பர்ல போட்டது. பேரம் பேசுனா உன்னையும் சேத்து கரையில ஏலம் வுட்ருவேன். பணத்த தந்தி மணியார்டர்ல அனுப்பு.

வேளைக்குத் துன்னு, மழைல நனையாத, நூறு வருசம் நல்லா இரு. முப்பதாந்தேதி, ஞாபகம் இருக்கட்டும். இப்ப நீ கண்ண மூடிக்கினு கையெழுத்துப் போடு.

உன் நைனா,
சேர் விக்கறவன்,
வேலப்பன்