வினிகர் என்று நான் சொன்ன ஜாடி

1976 அக்டோபர் 1, வெள்ளி

திராட்சை வந்துவிட்டது. ஈரானிலிருந்து லாஞ்சுப் படகில் வந்து இறங்கிய கருப்புத் திராட்சை, மூன்று மரப்பெட்டி. சேதுமாதவன் தேரா மார்க்கெட்டிலிருந்து காரில் ஏற்றி வந்து, வாசலில் நின்று ஹார்ன் வேறு அடிக்கிறான். இந்த அரபு ஊரில் வீட்டிலேயே வைன் போடுவது சத்வா பேட்டை முழுக்கத் தெரியப்படுத்த வேண்டிய காரியமா? மண்டு.

வீட்டுக்கு ஒரு ஜாடி. எங்களுடையது ஒன்று, பக்கத்து வீட்டு நளினி–வாசுவுடையது ஒன்று, எதிர் வீட்டில் தனிக்கட்டையாக இருக்கும் சேதுவுடையது ஒன்று. நாலு வாரம் கழித்து மூன்றையும் ஒரே டிரம்மில் ஊற்றிக் கலந்து பாட்டிலில் அடைப்போம். கலந்த பிறகு யாருடையது எது என்று பேசக் கூடாது. அதுதான் ஆரம்பத்திலிருந்து ஒப்பந்தம். லேபிளில் 'சத்வா சிவப்பு' என்று மட்டும் இருக்கும். சேது டிராஃப்ட்ஸ்மேன் என்பதால் ஆபீஸில் பிளான் எடுக்கும் மெஷினிலேயே லேபிளையும் எடுத்து வந்துவிடுவான். அந்த மெஷின் மருந்தால் லேபிள் இரண்டு நாள் அமோனியா நாறும்.

பேசக் கூடாதுதான். ஆனால் போன வருஷம் குடித்த அத்தனை பேரும் 'நளினி வைன்' என்றுதானே சொன்னார்கள்?

சாயங்காலம் என் பங்கைப் பிசைந்து ஜாடியில் போட்டேன். ஒரு பிடி கோதுமை, கருக்கிய சர்க்கரை, வறுத்த கிராம்பு. கிராம்பு விஷயம் யாருக்கும் தெரியாது. இவருக்குக்கூட.

அக்டோபர் 4

என் ஜாடி நுரைக்க ஆரம்பித்துவிட்டது. நளினியுடையது இன்னும் இல்லையாம். ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 8, வெள்ளி

ரமலானுக்காக மூடிய 'பார்' நேற்று திறந்தது. பார் என்றால் சேது வீட்டுக் கார் ஷெட். இரண்டு டிரம் மேல் ஒரு பலகை, டியூப் லைட்டைச் சுற்றிச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம், லாரி மாதிரி உறுமும் ஒரு ஏ.சி. காசு வாங்குவதில்லை. தெரிந்தவர்கள், ஆபீஸ்காரர்கள், அவ்வளவுதான். போன வருஷத்துக் கடைசி பாட்டில்களைத் திறந்தோம்.

நளினி பலகைக்குப் பின்னால் நின்று ஊற்றிக் கொடுத்தாள். மாம்பழ நிற ஷிஃபான், கையில்லாத ரவிக்கை, கான்வென்ட் இங்கிலீஷ். நான் சேதுவின் அடுக்களையில் பக்கோடா போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், இவருடைய வெள்ளைக்கார மேனேஜர் கிளாஸைத் தூக்கி, "அபாரம் மேடம்" என்கிறார். அவள் சிரித்துக்கொண்டே என்னவோ பதில் சொன்னாள். எண்ணெய்ச் சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை. நன்றி சொல்லியிருப்பாள். வேறென்ன சொல்லப் போகிறாள்?

திரும்பி வரும்போது இவர் சொன்னது இது: "இந்த வருஷம் லேபிள்ல 'நளினி'ன்னே போட்டுடலாம்னு சேதுகிட்ட சொன்னேன். பேர்லயே ஒரு கிக் இருக்குல்ல?"

கட்டின பெண்டாட்டி விரலெல்லாம் கறுத்துப்போய் நிற்கிறாள், அந்தாளுக்குப் பக்கத்து வீட்டுப் பேர்ல கிக் வருதாம். எழுதினால் மனசு ஆறும் என்று உட்கார்ந்தேன், ஆறவில்லை.

அக்டோபர் 20

ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தேன். எனக்கே நம்ப முடியவில்லை. இவ்வளவு நன்றாக இதுவரை வந்ததில்லை.

இது போய் அந்த டிரம்மில் விழுந்து, 'நளினி' என்று பேர் ஒட்டிக்கொண்டு வெளியே வரும்.

அக்டோபர் 29, வெள்ளி

இன்று கலக்கும் நாள். சேதுவும் வாசுவும் தங்கள் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் வெறுங்கையோடு போனேன். "என்னுது புளிச்சு வினிகராயிடுச்சு" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்றெல்லாம் இல்லை. மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஜாடி ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது, மேலே பழைய போர்வை.

இவர் முகம் சுருங்கிப் போனது. நளினி என் தோளில் கை வைத்து, "போனா போகட்டும் வசந்தா, நீ எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கற?" என்றாள். பாசத்தைப் பார். பேர் வரப்போகிற குஷி.

இரண்டு ஜாடியை மட்டும் கலந்தார்கள். பார்க்கலாம், என்னுடையது இல்லாமல் எந்த நளினி வைன் வருகிறது என்று.

நவம்பர் 1

இது என்ன கூத்து! காலையில் நளினி காலி பாட்டிலோடு வந்து நிற்கிறாள். "கொட்டிடாதே. வினிகர்னா எனக்குக் குடு. வாசு வெங்காயத்தை வினிகர்ல ஊறப்போட்டுக் கேக்கறார்."

அடியில் மண்டி நிற்கிறது, வடிகட்டி மத்தியானம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் தலை மறைந்ததும் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் வினிகர் வாங்கினேன். அது பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. பீட்ரூட்டை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கலந்தேன். நிறம் சரியாக வந்தது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

நவம்பர் 2

நளினி மதில் மேல் எட்டி, "வினிகர் ரொம்ப நல்லாயிருக்குடி" என்றாள். கடை வினிகருக்கு!

நவம்பர் 26, வெள்ளி

நேற்று புது பாட்டில்களைத் திறந்தோம். போகாமலே இருந்திருக்கலாம்.

மேனேஜர் ஒரு வாய் குடித்தார், கிளாஸைக் கீழே வைத்தார். அப்புறம் அதைத் தொடவில்லை. வாசு, "என்னமோ சப்புனு இருக்கே" என்றார். நான் இதற்காகத்தான் நாலு வாரமாகக் காத்திருந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கோடாத் தட்டோடு நின்றேன்.

அப்போதுதான் இவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். பழையபடி 'சத்வா சிவப்பு' என்றுதான் இருந்தது. "நளினி பேரு எங்கடா?" என்று சேதுவிடம் கேட்டார்.

"நளினி அக்கா விடலை சார். 'ஊத்திக் குடுக்கறதுதான் நான், நல்லா வர்றது வசந்தா ஜாடியால. என் பேரைப் போட்டே, கிழிச்சுப் போட்டுடுவேன்'னுட்டாங்க. போன வருஷத்துலேர்ந்து வர்றவங்க எல்லார்கிட்டயும் இதையேதானே சொல்லிக்கிட்டிருக்காங்க?"

மேனேஜரிடம் அன்றைக்கு அவள் சொன்னதும் இதுதானா?

நளினி என்னைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி, "இவ ஜாடி இல்லாம நம்ம வைன்ல ஒண்ணும் இல்லை. இப்பவாவது தெரிஞ்சுக்குங்க" என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார், கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி. நான் எத்தனை நாளாக ஏங்கிய பார்வை அது. தட்டைப் பலகையில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

வீட்டிலோ, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஜாடி நிறைய உட்கார்ந்திருக்கிறது. இப்போது அதை எப்படி வெளியே எடுப்பது? புளித்தது தானாகத் தித்தித்துவிட்டது என்றா சொல்வது?

நவம்பர் 28

கொட்டிவிடலாம் என்று போர்வையை எடுத்தேன். வாசனை மூக்கில் ஏறியது. மனசு வரவில்லை. மறுபடி மூடி வைத்தேன்.

நவம்பர் 30, செவ்வாய்

மத்தியானம் நளினி வந்தாள். வந்தவள் நேரே ஸ்டோர் ரூமுக்குள் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். மோப்பம் பிடித்தே மூட்டையை நகர்த்தினாள், போர்வையை எடுத்தாள், ஜாடியைத் திறந்தாள். அடுக்களையிலிருந்து அவளே இரண்டு டம்ளரும் கரண்டியும் கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் மொண்டு, முழுக்கக் குடித்தாள்.

"வினிகர் நல்லாத்தான் இருக்கு. நீயும் குடி."

"நளினி, நான்…"

"பீட்ரூட் வாசனை அடிச்சப்பவே தெரியும்டி எனக்கு."

"அன்னைக்கே தெரியுமா? அப்புறம் ஏன் எல்லார் எதிர்லயும் அப்படிச் சொன்னே?"

"நிஜத்தைத்தானே சொன்னேன். நீ பொய் சொன்னேங்கறதுக்காக நானும் சொல்லணுமா?"

அதற்கு மேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் புடவைத் தலைப்பைக் கொடுத்தாள், ஷிஃபான், ஒரு சொட்டுக் கண்ணீரைக்கூட உறிஞ்சவில்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது டம்ளரில், நாளைக்கு இதை டிரம்மில் ஊற்றிக் கலந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஊருக்கு என்ன சொல்வது என்பதை அவள் பார்த்துக்கொள்வாளாம்.

இவர் ஆபீஸிலிருந்து வந்தபோதும் நாங்கள் ஸ்டோர் ரூமில்தான் இருந்தோம். "என்ன நடக்குது இங்கே?" என்றார். "வினிகர் சார்" என்றாள் நளினி.

போகும்போது வாசலில் நின்று, "எப்படிடி செய்யறே? அப்படி என்னதான் போடறே?" என்று கேட்டாள். அவ்வளவு நல்லவளிடம் எப்படி மறைப்பது? ஒரு பிடி கோதுமை, கருக்கிய சர்க்கரை என்று சொல்லிக் கொடுத்தேன். சர்க்கரையை எந்த நிறம் வரைக்கும் கருக்க வேண்டும் என்பதைக்கூடச் சொன்னேன்.

கிராம்பை மட்டும் சொல்லவில்லை.