கதிரை அடுக்கியவரின் மகள்

அப்பா,

குடியுரிமை விண்ணப்பத்துக்காகப் பிறப்புச் சான்றிதழைத் தேடியபோது உங்கள் நீல நிற அகதிப் பயணப் புத்தகம் கையில் வந்தது. நீங்கள் போய் ஆறு வருடம். கடைசிவரை உங்களுக்கு இந்த நாட்டில் கிடைத்தது அதுதான். இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

அன்று எனக்குப் பதினொரு வயது. ஜெர்மனியின் கொலோன் நகரில் உங்கள் குடியுரிமைக்கான நேர்காணல். எங்கள் ஆட்களின் வழக்கப்படி, மொழிபெயர்க்கப் பிள்ளையைத்தான் கூட்டிப்போனீர்கள். தடைசெய்த இயக்கத்தின் நிகழ்வுகளுக்குப் போவீர்களா என்று கேட்டார்கள். "தம்பிக்கு விளக்குக் கொளுத்தப் போறனான், வருசத்தில ஒருக்கா" என்றீர்கள். போரில் செத்துப்போன சித்தப்பாவுக்கு, இயக்கத்தின் ஆட்கள் நடத்தும் நினைவு நாளில். அதைச் சொல்லிவிட்டு நான் நிறுத்தியிருக்கலாம். பெருமை விடவில்லை. அப்பா இல்லாவிட்டால் அங்கே ஒன்றுமே நடக்காது என்று ஜெர்மன் மொழியில் சேர்த்துச் சொன்னேன். நீங்கள் அங்கே செய்தது சனம் உட்காரக் கதிரை அடுக்கியது மட்டும்.

மறுப்புக் கடிதத்தையும் நானே வாசித்துக் காட்டி அழுதேன். "கதிரை தூக்கினவனைத் தளபதி ஆக்கிப்போட்டாய், பிள்ளை!" என்று சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை. "போகேல்லை எண்டு சொல்லியிருக்கலாமெல்லோ?"

"ஏலாது" என்றீர்கள்.

பிறகு பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தேன். நூறு வருடத்துக்கு முன், அரசே வேண்டாம் என்ற அனார்க்கிஸ்டுகள் சிலர் குண்டெறிந்த காலம். அவர்களில் ஒருவன் அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்றதும், அந்த நாடு குடிவரவுச் சட்டத்தை மாற்றியது. வந்திறங்குகிறவனிடம், நீ அனார்க்கிஸ்டா என்று கேட்டார்கள். செய்ததற்காக அல்ல, நம்புவதற்காகத் திருப்பி அனுப்பினார்கள். சுட்டவனோ அங்கேயே பிறந்தவன். குண்டு வைத்திருக்கிறவன் ஓம் என்று சொல்லுவானா, அப்பா? உண்மை சொல்லுகிறவன்தான் அகப்படுவான். மேலே வாசிக்க முடியாமல் நூலகத்துக்கு வெளியே வந்து நின்றேன்.

இன்று என் நேர்காணல். என்னுடையதோடு உங்கள் பேத்தியின் விண்ணப்பமும் சேர்ந்திருக்கிறது. நான் பிழைவிட்டால் அவளுக்கும் கிடைக்காமல் போய்விடும். அவளை மடியில் வைத்திருந்தேன். அதே கேள்வி வந்தது. சித்தப்பாவுக்கு இப்போது நான்தான் விளக்கேற்றுகிறேன் என்றேன். அலுவலர் எழுதிக்கொண்டே பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "நீயும் போவாயா?"

அவள் வாய் திறந்தாள். என் கை பொத்திவிட்டது.

அன்று உங்கள் நேர்காணலில் நான் ஜெர்மன் மொழியில் அளந்தது முழுவதும் உங்களுக்கு விளங்கியதாம். அம்மா பிறகுதான் சொன்னா. பக்கத்தில் இருந்தும் நீங்கள் என்னைத் தடுக்கவில்லை.

கையை எடுத்தேன். "ஓம்" என்றாள், தமிழில்.

முடிவு வர மாதங்களாகுமாம். பயமாயிருக்கிறது, அப்பா. அவள் மூச்சின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.