இரும்பு நீள விட்ட இடம்

கையில் காரை காயும் முன்பே சோற்றுக்கு உட்கார்ந்து அக்காவிடம் திட்டு வாங்கும் என் மச்சானுக்கு,

சேந்தமங்கலம் சாலையில் உள்ள ஓடைப் பாலத்தைப் போன வாரம் பழுது பார்த்தார்கள். பத்திரிகைக்கு எழுதப் போயிருந்தேன். அங்கே கண்டதை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

அது கட்டிய நாட்கள் நினைவிருக்கிறதா? இரு கரைச் சுவர்களும் உங்கள் கல்வேலை. அவற்றின்மேல் இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகப் பூட்டினார்கள். "ஏனுங்க, சதுரமா வெச்சா ஆகாதுங்களா?" என்று ஓவர்சியரைக் கேட்டீர்கள். அவர் நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டிக் கொடுத்தார். அழுத்தினீர்கள், சாய்ந்தது. மூன்று குச்சிகளைக் கட்டினார். அது அசையவில்லை.

பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் விட்டு முனையை அடித்துப் பரப்பினார்கள். ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும் என்றார் ஓவர்சியர். "சூட்டுல நீளுது, குளுந்தாச் சுருங்குது. புழுவாட்டம் இருக்குது மாப்ளே" என்று சிரித்தீர்கள். ஆணி சுருங்கும் என்று நம்பிய நீங்கள், வெயிலில் பாலமே நீளும் என்று அவர் சொன்னதை ஏன் நம்பவில்லை?

பாலத்தின் ஒரு முனையைச் சுவரோடு பிணைத்து, மறுமுனையை உருளைகளின்மேல் வைத்தார்கள். அந்தப் பக்கம் இரும்புக்கும் உங்கள் சுவருக்கும் நடுவே கட்டைவிரல் அளவு இடைவெளி. அதன்மேல் தகட்டு மூடி. "சந்து உட்டுட்டுப் போனா கொத்தனை எவன் மதிப்பான்?" என்று முனகினீர்கள்.

சித்திரை வெயிலில் அந்தச் சுவர் வெடித்தது. சுண்ணாம்பு கெட்டது என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டார்கள். பிறகு எவரும் உங்களைச் சுவர் கட்டக் கூப்பிடவில்லை. கடைசிப் படுக்கையிலும் அக்காவிடம் அதைத்தான் கேட்டீர்கள்: "சங்ககிரிச் சுண்ணாம்பு. கடுக்காத் தண்ணி ஊத்தி நானே அரைச்சது. எப்பிடிடீ கெட்டுது?"

போன வாரம் மூடியைக் கழற்றினார்கள். இடைவெளி முழுக்கக் கல்சில்லும் காரையும். மேலே கண்ணாடிபோல் தேய்த்திருந்தது. அந்தத் தேய்ப்பு யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

புது இஞ்சினியர் உளியை வைத்து அடித்தார். உளி துள்ளியது. "வெயிலில் இரும்பு நீள இடமில்லாமல் சுவரைத் தள்ளியிருக்கிறது. மட்டமான காரையாக இருந்தால் நொறுங்கியிருக்கும், சுவர் தப்பியிருக்கும். யாரய்யா இவ்வளவு நல்ல காரை போட்டது?" என்றார்.

"என் மச்சானுங்க" என்றேன்.

அக்காவிடம் வந்து சொன்னேன். "அப்பச் சுண்ணாம்பு கெடலீங்கறே?" என்றாள்.

"கெடலக்கா. சந்தை அடைச்சதுதான் தப்பு."

"அந்த மனுசனுக்குச் சந்தைக் கண்டாக் கை நிக்காதே சாமி! ஊட்டுல எலிவளையக்கூடப் பூசிப்போட்டு, எலி எங்க போச்சுன்னு தேடுவாரு." சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

காரையைத் தோண்டி எடுத்தபின் ஒருநாள் காலை அந்த இடைவெளியில் மூங்கில் துண்டு ஒன்றைச் செருகினேன். எளிதாகப் போய் வந்தது. அப்படியே விட்டுவைத்தேன். உச்சி வெயிலில் இழுத்தேன். வரவில்லை. இரும்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பத்திரிகையில் இரண்டையும் எழுதுவேன், மச்சான். இடைவெளியை அடைத்தது நீங்கள். கெட்டது சுண்ணாம்பு அல்ல. ஒன்றை விட்டு மற்றதை எழுதினால் பொய்யாகிவிடும்.

இனி அந்த வழியே போகும்போதெல்லாம் மூடியைத் தூக்கி விரல் விட்டுப் பார்ப்பேன். உங்களைப் போல் யாராவது அழகாகப் பூசியிருந்தால் தோண்டிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரியின் தம்பி,
நீங்கள் 'மாப்ளே' என்று கூப்பிட்டவன்