தரையில் வைத்த காப்பி

ராக்கானின் அப்பாவுக்கு,

நான் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த இத்தனை நாளில், நேற்றுதான் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வந்தீர்கள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஊற்றிய காப்பியை வாயில் வைக்காமல் தரையில் வைத்தீர்கள். நம் வழக்கப்படி, கேட்டது கிடைத்தால்தான் குடிப்பீர்கள் என்று அர்த்தம். என்னை அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நான் பெட்டியே கட்டிவிட்டேன்.

அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். என்ன வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

"குடிங்க மாப்பிள்ளை, கேக்க வந்ததைக் கொடுத்தாச்சு."

குடித்தீர்கள். "சந்தோஷம் மாமா. அப்போ நாடாளுமன்றத் தேர்தல்ல உங்க குடும்பத்து ஓட்டெல்லாம் எனக்குத்தான்" என்றீர்கள். கிளம்பிவிட்டீர்கள்.

நம் கரக் தொகுதியில் அப்பாவின் சொந்தத் தம்பியும் நிற்கிறாரே! ஆனால் கொடுத்த வார்த்தையை மாற்ற முடியாது.

"பொண்டாட்டிய மறந்துட்டாரா, இல்ல ஓட்டோட சேத்துக் கேட்டதா நெனச்சுட்டாரா?" என்று அண்ணி சிரிக்கிறாள். எனக்கும் அதுதான் புரியவில்லை. ராக்கானைப் பற்றிக்கூட விசாரிக்கவில்லை. ஆனால் போகும்போது கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தீர்கள். செருப்பைத் தேடினீர்களோ என்னவோ.

செவ்வாயன்று வாக்குப்பதிவு. அப்பா கொடுத்ததில் என் ஓட்டும் அடக்கம். சாவடி நம் வீட்டுத் தெருவில்தான். பெட்டியோடு வரவா, ஓட்டுப் போட மட்டும் வரவா?

இப்படிக்கு,
ராக்கானின் அம்மா