பதினொரு நொடிக்கு ஒரு சிலை

அன்புள்ள வாண்டுவுக்கு,

முதலில் இப்படி ஒரு கடிதம் எழுதுவதற்கே என்னை மன்னித்துக்கொள். அப்பா உன்னை வாண்டு என்று சொல்லிச் சொல்லி எனக்கும் வாயில் வந்துவிட்டது, நான் அப்படி எழுதலாமா கூடாதா என்று யோசித்தே இரண்டு தாள் வீணாகிவிட்டது. இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், மாடிக் குழாய்க்குத்தான் சுகமில்லை, ஒழுகுகிறது. நீ அந்தக் குளிரில், அத்தனை உயரக் கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ எப்படி இருக்கீங்க என்பாய், நான் நல்லா இருக்கேன், இரு, அப்பாகிட்ட தரேன் என்பேன். அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்ட இந்த நாலு வருடத்தில் நம் இருவர் பேச்சு அதைத் தாண்டிப் போனதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் நான், எங்கள் தெருவுக்கே விண்ணப்பம் எழுதிக் கொடுத்த கை இது, ஆனால் வீட்டு ஆளுக்கு எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது.

அப்பாவுக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுக்கப் போகிறார்கள் என்பதை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். எல்லாம் அந்த ஒரு பாட்டுக்காகத்தான், உனக்கும் தெரியும், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வந்து யாரும் வாங்காமல் போன அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுபோய், பதினொரு நொடி ஒன்றுமே இல்லாமல், பிறகு அப்பாவின் கிட்டார் கூரையைப் பிய்த்துக்கொண்டு வருமே, அந்த இடம். அஞ்சு வருடத்துக்கு முன்னால் யாரோ அதைத் தோண்டி எடுத்தார்கள், இப்போது கிட்டார் பிடித்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் பதினொரு நொடியிலிருந்துதான் நாங்கள் இசையே கற்றோம் என்கிறார்கள். யார் புதுப் பாட்டு போட்டாலும் நடுவில் ஒரு ஓட்டை வைக்கிறார்கள். வானொலியில் இப்படி நாலு பாட்டை அடுத்தடுத்துப் போட்டதில், நிலையமே படுத்துவிட்டது என்று நினைத்து எஞ்சினியர் மூணு மாடி ஏறி ஓடியிருக்கிறார்.

ரசிகர் சங்கத்துக்குச் செயலாளர் நம் தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான். நல்ல மனிதர், ஆனால் இருமல் மருந்து கேட்டுப் போனால் பதினொரு நொடி கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் எடுத்துத் தருகிறார், அதுவரை நாம் இருமிக்கொண்டிருக்க வேண்டும். சங்கத்துக்கென்று ஒரு சட்டை அடித்திருக்கிறார்கள், கறுப்புச் சட்டை, அதில் ஒன்றும் அச்சடிக்கவில்லை, அதுதான் விசேஷமாம். இதனால் ஊரில் கறுப்புச் சட்டை போட்ட யாரும் நிம்மதியாக நடமாட முடியவில்லை. மாடிக் குழாயைச் சரிசெய்ய வந்த குழாய்க்காரர் பாவம், கறுப்புச் சட்டையில் வந்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்திருந்த செயலாளர் எழுந்துபோய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். குழாய்க்காரர் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, என்னிடம் வந்து மனசைத் தேத்திக்குங்கம்மா, குழாயை அப்புறம் பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பையோடு போனவர்தான், இன்னும் வரவில்லை. போன வாரம் நீ மூன்று முறை கூப்பிட்டும் அப்பா எடுக்கவில்லையே, அதற்கும் காரணம் செயலாளர்தான். அந்தப் பதினொரு நொடியை அப்பாவின் போனுக்கு ரிங்டோனாக வைத்துக் கொடுத்திருக்கிறார். போன் அடிக்கிறதா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா மாற்றச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்துக்கொள்கிறார்.

சங்கம் இரண்டாக உடைந்ததையும் சொல்ல வேண்டும். அந்த அமைதியின் தொடக்கத்தில் டொக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்குமாம். அதையும் சேர்த்து எண்ணினால் பன்னிரண்டு நொடி என்று சொல்லி ஒரு கணக்கு டீச்சர் தலைமையில் ஒரு கூட்டம் பிரிந்துபோய்விட்டது. போன மாதம் இரண்டு சங்கமும் ஒரே நேரத்தில் நம் வீட்டுக்கு வந்துவிட்டன, நான் பத்தொன்பது டம்ளர் டீ போட்டேன். செயலாளர், அது இதயத் துடிப்பும்மா, இசையில சேராது என்கிறார். டீச்சர் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைத் தூக்கிக் காட்டி, துடிப்பா இருந்தா ஒரு தடவை துடிச்சுட்டு நின்னுடுமா, ஆள் உயிரோட உக்காந்திருக்கார் பாருங்க என்கிறார். கடைசியில் அப்பாவைக் கேட்டார்கள். அப்பா பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, எனக்குத் தெரியாதுங்க என்றார். இரண்டு சங்கமும் நோட்டை எடுத்து, தெரியாது என்றார் என்று எழுதிக்கொண்டன, ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

சிலையும் வைத்துவிட்டார்கள், பஸ் திரும்பும் ரவுண்டானாவில். வாசிக்கிற மாதிரி இல்லை, வாசிக்காமல் இருக்கிற மாதிரி. அதற்காக அப்பா சிற்பி முன்னால் கிட்டாரை மாட்டிக்கொண்டு, கையை அதில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, ஒருநாள் பூராவும் வாசிக்காமல் நின்றார். சிற்பி வேறு, சார் இப்ப நீங்க சும்மா நிக்கறீங்க, வாசிக்காம நில்லுங்க என்று விரட்டியிருக்கிறார். அன்றையிலிருந்து இடது முழங்கால் வலி, எண்ணெய் தேய்த்துவிடுகிறேன், குறைந்திருக்கிறது, நீ கவலைப்படாதே.

விருது விழா அடுத்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மாலை அஞ்சு மணிக்கு, உள்விளையாட்டு அரங்கில். அங்கே அப்பா அந்தப் பாட்டை வாசிக்க வேண்டும், நடுவில் அதே பதினொரு நொடி நிற்க வேண்டும். அதுதான் வரமாட்டேன் என்கிறது. அறையில் பழகுகிறார், நான் கடிகாரத்தோடு வாசலில் நிற்கிறேன். ஒரு தடவை ஏழு, ஒரு தடவை பதினாலு. ஒரு தடவை நாற்பதைத் தாண்டிவிட்டது, எட்டிப் பார்த்தால் சட்டைப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் வந்து பரீட்சை மாதிரி அஞ்சு முறை வாசிக்க வைத்து அஞ்சிலும் தவறு போட்டுவிட்டு, உங்க அமைதியை நீங்களே சரியா பண்ணலைன்னா எப்படி சார் என்று வருத்தப்பட்டார். அவரே ஏற்பாடு செய்து, அந்தப் பாட்டைத் துல்லியமாக வாசிக்கும் மூன்று பெண்களை அப்பாவுக்குச் சொல்லித்தர அனுப்பினார். அவர்களில் பெரிய பொண்ணு, அண்ணே நீங்க உள்ளுக்குள்ள எண்ணறீங்க, எண்ணக் கூடாது, அப்படியே விட்டுடணும் என்றாள். அப்பா அவளிடமே சரிங்க டீச்சர் என்றார். போதாததற்கு, அந்தப் பதினொரு நொடியில் என்ன நினைத்தேன் என்று மேடையில் அப்பா பேசுவதற்குச் செயலாளர் ஒரு உரை எழுதிக் கொடுத்திருக்கிறார், பிரபஞ்சம், வெறுமை என்றெல்லாம் வருகிறது, படித்து முடிக்க இருபது நிமிடம் ஆகிறது.

போன புதன்கிழமை மத்தியானம் அப்பா என் கண்ணாடிக் கடைக்கு வந்தார். கடைப் பக்கமே வராதவர், வந்து நேராகச் சோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கண்ணைப் பாரு என்றார். விளக்கை அணைத்து, எழுத்துப் பலகையைப் போட்டு, மூக்கில் ஃபிரேமை மாட்டி ஒவ்வொரு லென்ஸாக வைத்தேன். இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா என்று கேட்டேன். நான் அன்னைக்கு அவளை அடிச்சுட்டேன் என்றார். கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தேன். அந்த இருட்டில், பலகையைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னார்.

உனக்கு அப்போது நாலு வயது. உன் அம்மா வேலைக்குப் போயிருந்ததால் உன்னை ஒலிப்பதிவுக்குக் கூட்டிப்போய்ச் சுவரோரமாக ஒரு பிஸ்கட் டப்பாவோடு உட்கார வைத்திருந்தார். இருந்ததே கடைசி ஒரு டேப், மறுநாள் அந்த இடத்தைக் காலி செய்கிறார்கள். பாட்டு பாதி போகும்போது நீ எழுந்துபோய், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் எல்லாவற்றுக்கும் கரண்ட் போகிற பலகையின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாய். டப்பா மூடி கீழே விழுந்ததுதான் அந்த டொக். டிரம்ஸ் வாசித்த மாமா குச்சியைத் தூக்கியபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அப்பா அந்த அறையைக் கடந்து வந்து, பிளக்கைச் சொருகிவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பிப் போக ஆன நேரம் பதினொரு நொடி. டேப்புக்குக் கரண்ட் வேறு பிளக்கில், அது ஓடிக்கொண்டே இருந்ததால் பாட்டை நிறுத்தவில்லை. அதன் பிறகு வருகிற கிட்டாரை மறுபிறப்பு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது உன் மேல் வந்த கோபம் என்றார் அப்பா. பாட்டு முடிந்ததும் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு வந்து கன்னத்தில் அறைந்தாராம். நீ அழவில்லையாம். அழுதிருந்தா மறந்திருப்பேன் என்றார். பிறகு ஆல்பம் விற்கவில்லை, குழு கலைந்தது, யார் வந்து கேட்டாலும் எல்லாம் இவ பிடுங்கின பிளக்தான் என்று உன்னைக் காட்டிச் சிரித்ததையும் சொன்னார். வேடிக்கைக்குத்தான் சொன்னேன், அவ தட்டோட எந்திரிச்சு உள்ளே போயிடுவா என்றார்.

நீ ஊருக்குப் போன அன்று விமான நிலையத்தில் என்னிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அப்பா பாட்டைக் கெடுத்தது நான்தான், நீங்களாவது நல்லா பாத்துக்கங்க என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், நான் உன் பெட்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்கிறேன். நீ ஒன்றையும் கெடுக்கவில்லை. இந்த ஊரே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கொண்டாடுவது நீ செய்ததைத்தான். அறைந்ததைச் சொல்லாமல் பிளக்கைப் பற்றிச் சொல்ல அப்பாவால் முடியவில்லை, அதனால்தான் இத்தனை வருடமாகத் தெரியாதுங்க என்று சொல்லிக்கொண்டு டீ குடிக்கிறார்.

மேடையில் உண்மையைச் சொல்லிடறேன், ஆனா அவ இல்லாத இடத்துல சொன்னா மறுபடியும் அவளைக் காட்டிச் சிரிச்ச மாதிரி ஆயிடும் என்கிறார். சரி, அவளையே கேளுங்களேன் என்றேன். எப்படிக் கேக்கறது என்று கேட்டுவிட்டு, அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு அரைமணி நேரம் உங்கள் ஊர்ப் பனியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தார். நீ அரங்கில் இல்லாவிட்டால் செயலாளரின் உரையைத்தான் படிப்பார், எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் சங்கத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்னவோ. விருதை வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும், சிலையை எடுத்துவிட்டால் பஸ் திரும்பவும் வசதி.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டும் முன்னால் மேலே ஒருமுறை ஆள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள். கையுறை இல்லாமல் இரும்பைத் தொடாதே. நீ அனுப்பிய படத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாய், பவர் கூடியிருக்கும் என்று தோன்றுகிறது, இந்த மாதத்துக்குள் பரிசோதித்து எவ்வளவு என்று எனக்கு எழுதி அனுப்பு, மறந்துவிடாதே. உன்னைவிடப் பத்து வயதுதான் எனக்குக் கூட, ஆசீர்வாதம் செய்ய இந்த வயது போதுமா தெரியவில்லை, இருந்தாலும் செய்கிறேன். நீ நோய் நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, மனம் நிறைந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்புடன்,
சித்தி

பி.கு. உறையை ஒட்டுவதற்கு எடுத்துவிட்டு, கடிதத்தை மறுபடி பிரித்தேன். இவ்வளவு எழுதியும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. விழாவில் முதல் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள், அத்தனை பேர் நடுவில் நான் உட்கார்ந்ததே இல்லை. பக்கத்து நாற்காலியையும் கேட்டு வாங்கியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரை எழுத மனம் வரவில்லை, அதனால் அதில் வெற்று அட்டையை ஒட்டச் சொன்னேன். செயலாளர் அதைப் பார்த்துக் கண்கலங்கி, இதுதான் உண்மையான மரியாதை என்று சொல்லி அரங்கத்தின் இரண்டாயிரம் நாற்காலிக்கும் வெற்று அட்டை ஒட்ட ஏற்பாடு செய்துவிட்டார். எது உன் இடம் என்று இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். நீ மேடைக்கு வர வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம். நாலு மணியிலிருந்து வாசலில் நிற்கிறேன், நானே உள்ளே கூட்டிப்போகிறேன். வந்து என் பக்கத்தில் உட்காருகிறாயா?