அடுத்த ஆட்டோ தில்லைநாயகம்

தென்காசி,
சனிக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி விஜய்பாண்டி எழுதுவது. அம்மா நன்றாக இருக்கிறாள். எனக்குத் தலையில் தையல் போட்ட இடம் அரிக்கிறது, வேறு ஒன்றுமில்லை. போனை எடுத்தால் 'ஞானசம்பந்தம் கைய வெட்டாம விடமாட்டேன்' என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். ஹுஸைஃபாவின் மாமா மூசா நாளைக்குச் சவுதிக்கு, தம்மாமுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். படித்து முடித்துவிட்டுக் கத்து.

காலேஜை விட்ட பிறகு உன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு குற்றாலம் ஸ்டாண்டில் நின்றேன் இல்லையா, சீசனில் அங்கே சவாரியைவிட அடிதடிதான் அதிகம். அடுத்த சவாரி யார் முறை என்று தினமும் ஒருத்தன் சட்டை கிழியும். ஒரு ஆப் இருந்தால் இது தீரும் என்று தோன்றியது. என்னோடு படித்த ஹுஸைஃபாதான் பென்பாட்டைக் காட்டினான். ஆப் திரைகளை வரைகிற கருவி. காசு கிடையாது, பிரவுசரிலேயே திறக்கும். ஒரு பெட்டி வரைந்து அதற்குள் எழுத்தைப் பொருத்துவதற்குள் முதல் நாள் தாவு தீர்ந்துவிட்டது. அப்புறம் பிடிபட்டது. போன் அளவில் இரண்டு பலகை, அதாவது இரண்டு திரை. ஒன்றில் 'சவாரி வேண்டும்' என்று பச்சைப் பொத்தான். இன்னொன்றில் 'அடுத்த ஆட்டோ', கீழே டிரைவர் பெயர். பொத்தானிலிருந்து அந்தப் பலகைக்கு ஒரு கோடு இழுத்துவிட்டால், போனில் அமுக்கும்போது நிஜ ஆப் மாதிரியே ஓடும். உள்ளே ஒன்றும் கிடையாது, படம்தான்.

ஏதாவது ஒரு பெயர் போட வேண்டுமே. வண்டி உன்னுடையது, கை தானாக உன் பெயரை அடித்தது.

லிங்கை ஸ்டாண்டு குரூப்பில் போட்டேன். மாதிரிப் படம் என்று எழுதியிருக்க வேண்டும். 'நம்ம ஆப் ரெடி' என்று எழுதித் தொலைத்தேன். ஸ்டாண்டு செயலாளர் ஞானசம்பந்தம் அண்ணாச்சி அமுக்கினார், உன் பெயர் வந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடியும் நீ. 'எத்தன வாட்டி அமுக்குனாலும் தில்லைநாயகம் பேருதாம்லே வருது. சவுதியில இருக்கவனுக்கு இங்கன மொத முறையா' என்றார். வெறும் படம் அண்ணாச்சி என்றேன். காலையிலிருந்து சாரலில் சவாரி இல்லாமல் நின்றவர்கள், யார் காதில் ஏறும்? 'அண்ணன் அங்கன ஒட்டகம் மேய்க்கான், பேரு மட்டும் இங்கன முன்னால வந்து நிக்குதோ' என்று அவர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள்.

உனக்கு யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். முதல் அடி என்னுடையது. அவர் மூக்கில் குத்தினேன். எலும்பு நொறுங்கியது என் விரல் முட்டியில் தெரிந்தது. கீழே விழுந்தவர்மேல் ஏறி உட்கார்ந்து மறுபடி குத்தினேன். ரத்தம் தொண்டைக்குள் போய் இருமினார், நான் நிறுத்தவில்லை. அப்புறம்தான் அவர்கள் என்னை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். வண்டிக் கண்ணாடியை உடைத்தார்கள். ஒருத்தன் வீல் ஸ்பேனரை என் தலைக்கு ஓங்கினான். ஆப்பைக் காட்ட என்னோடு வந்திருந்த ஹுஸைஃபா குறுக்கே கையைக் கொடுத்தான். விறகு முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. என் மண்டையில் பட்டது அதில் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் எனக்கும் அண்ணாச்சிக்கும் அடுத்தடுத்த கட்டில். மூக்கில் பஞ்சோடு என் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, 'அத இன்னொருக்க காட்டுலே' என்றார். ஹுஸைஃபா மாவுக்கட்டு இல்லாத கையால் லேப்டாப்பைத் திறந்து, உன் பெயரை அழித்துவிட்டு அவர் பெயரை அடித்தான். அமுக்கினார். அவர் பெயர் வந்தது. திரும்பத் திரும்ப அதுவே வந்தது. 'போட்டோ ஸ்டுடியோவுல அருவி வரைஞ்ச சீலை தொங்குமே, அது மாதிரியாலே? அதுல குளிக்கப் போயா மூக்க ஒடச்சிக்கிட்டோம்' என்று சிரித்தார். சிரித்ததில் பஞ்சு சிவந்துவிட்டது. புகார் இல்லை என்று இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தாயிற்று.

நீ எடுத்து வைக்கச் சொன்ன அரிவாளைச் சிற்றாற்றில் போட்டுவிட்டேன். தேடாதே.

இப்போது அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஸ்டாண்டு ஆட்கள் பெயரையெல்லாம் போட்டுப் புதிதாக வரைகிறேன். உன் பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். 'இருக்கட்டும்லே, கடைசில போடு' என்றார். போட்டிருக்கிறேன்.

லீவில் வா அண்ணே, வெறுங்கையோடு வா. கண்ணாடி மாற்றி வைத்திருப்பேன். வண்டியைக் கடைசியில் நிறுத்திவிட்டு, உன் முறை வரும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திரு.

உன் தம்பி,
விஜய்பாண்டி